பன்னிரண்டு நாள் நின்ற வண்டி

சேரன்மகாதேவி
6.1.2025

அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வருஷம் ஆகப் போகிறது. உங்கள் முகவரியை நம் வயலைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிதான் விசாரித்துக் கொடுத்தான். நான் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கடிதம்.

ஷெட்டில் நிற்கும் அம்பாசிடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், காலமான நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு உட்கார்ந்துவிட்டன. பெங்களூரிலிருந்து வந்திருந்த சித்ரலேகா, "எதுக்கும்மா இதக் கட்டி அழுதே? பழைய இரும்புக்குப் போட்டுரு" என்றாள். ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது. கையெழுத்து வேண்டும்.

அது சித்ரலேகாவின் காரணம். என் காரணம் வேறு.

பதினாறாம் நாள் காரியத்தன்று, முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "ஒரு காரை எடுக்கத் தெரியாதவ கையில மாட்டி என் தம்பி செத்தான்." சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது போகவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடானாலும் துட்டி வீடானாலும், நான் உள்ளே நுழைந்தால் பேச்சு ஒரு நிமிஷம் நிற்கிறது.

வண்டி கையை விட்டுப் போகுமுன் எனக்குத் தெரிய வேண்டும். அன்று காலை அது ஏன் எடுக்கவில்லை? என் கையில் தப்பு என்றால் என்ன தப்பு என்று சொல்லுங்கள். ஏற்றுக்கொள்கிறேன். தப்பு இல்லை என்றால், சொன்னதைச் சொன்ன இடத்திலேயே வாபஸ் வாங்குங்கள்.

விஜயஸ்ரீ


ஆழ்வார்குறிச்சி
13.1.2025

விஜயஸ்ரீக்கு,

கையெழுத்துப் போடமாட்டேன். ஓடாத வண்டியை இரும்புக்குப் போடுகிறவன் நானல்ல.

உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்பதில் மாற்றமில்லை.

அந்த வண்டியை 1981-ல் அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரிடம் வாங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வயல் வயலாகப் போய் ஆயில் எஞ்சின் பழுது பார்த்துத் தம்பி மகேஸ்வரனைக் கல்லூரியில் படிக்க வைத்தேன். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் வரி வரியாகப் படித்தேன். எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் கையில் இருந்தவரை அது ஒரு நாளும் எடுக்காமல் நின்றதில்லை. ஊருக்கே தெரியும்.

கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனேன். பன்னிரண்டு நாள். கண்கட்டைப் பிரித்துக்கொண்டு வந்து நான் பார்த்தது தம்பியின் முகமல்ல, அவன் படத்துக்குப் போட்ட மாலை. காரணம் கேட்கிறாய். கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்விளக்கை எரியவிட்டு பேட்டரியை இறக்கியிருப்பாய். இல்லையென்றால் சோக்கை முழுக்க இழுத்து, பெட்ரோலை அதிகமாக ஏற்றி பிளக்கை நனைத்திருப்பாய். இரண்டில் ஒன்று.

நிரூபிக்க முடியும். அன்றைக்குப் பிறகு யாரும் சாவியைத் திருப்பவில்லை என்றால், அன்று நடந்தது அப்படியே உள்ளே இருக்கும். அதனால் முதலில் சாவியைத் தொடாதே. நான்கு பிளக்கையும் கழற்றி முனையைப் பார். நனைந்த பிளக் காய்ந்தாலும் கறுத்துப் பிசுபிசு என்று இருக்கும். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடு. டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுதாக இறக்கு. அதில் ஒரு சொட்டு எஞ்சினுக்குள் போகக் கூடாது.

கணக்கு டீச்சராக இருந்தவள்தானே நீ. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா. மிஞ்சுவதுதான் காரணம். அது உன் கையாகத்தான் இருக்கும்.

சிவசண்முகம்


சேரன்மகாதேவி
27.1.2025

அத்தான் அவர்களுக்கு,

கழிக்க ஆரம்பித்துவிட்டேன். பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நாசர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஸ்பானரைப் பிடித்தவர் அவர், பார்த்து எழுதியவள் நான்.

உள்விளக்கு எரிந்திருக்க முடியாது. அதில் பல்பே இல்லை. 2019 பொங்கலுக்கு முந்தைய நாள், "இது சும்மா பேட்டரியத் திங்குது" என்று நீங்கள்தான் கழற்றி மேஜை டிராயரில் போட்டீர்கள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பேட்டரியும் பழையதல்ல. அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டில் "10.1.22" என்று இருக்கிறது. உங்கள் கையெழுத்து. உங்கள் தம்பி போனது மார்ச் மாதம். இரண்டே மாதப் பேட்டரி.

நான்கு பிளக்கும் வெந்த செங்கல் நிறத்தில் இருக்கின்றன. கறுப்பு இல்லை, பிசுபிசுப்பு இல்லை. நாசர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பெட்ரோல்ல நனஞ்ச பிளக் இல்ல, டீச்சர். பெட்ரோலப் பாக்காத பிளக்" என்றார். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன்.

டாங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. இறக்கியபோது கஷாயம் மாதிரி வந்தது. வார்னிஷ் நாற்றம். இன்னும் ஷெட்டை விட்டுப் போகவில்லை. ஆயில் விட்டு ஊறவைத்து, பேன் பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்தோம். எஞ்சின் இறுகவில்லை, சுற்றுகிறது.

நீங்கள் எழுதிய இரண்டும் இல்லை என்றாகிவிட்டது. அடுத்தது என்ன?

விஜயஸ்ரீ


ஆழ்வார்குறிச்சி
5.2.2025

விஜயஸ்ரீக்கு,

நாசருடைய வாப்பா ஷேக் மைதீன் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார். அவர் மகன் எனக்குப் பிளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி நல்லது என்றால், அன்று வண்டியைத் தள்ள வேண்டிவந்தது என்கிறார்களே, நல்ல பேட்டரியைக் கொன்றது யார்? தானாகவா செத்தது?

அடுத்தது நெருப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திற. உள்ளே இரண்டு பாயின்ட் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். நின்ற வண்டியில் அதில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத் தாளால் லேசாக இரண்டு தேய்ப்பு, அதற்கு மேல் கூடாது. நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி, ஒரு பிளக்கை எஞ்சின் மேல் வைத்துச் சுற்றச் சொல். பொறி நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக இருந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது காரணம் அதுவாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒப்புக்கொள்வேன். நான் நியாயம் தெரியாதவன் அல்ல.

பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டாம். மதுரைக்குப் போகுமுன் நானே டாங்கை நிரப்பிவிட்டுத்தான் போனேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அன்று காலை என்ன செய்தாய் என்று வரிசையாக எழுது. எதையும் விடாதே. நீ எழுதும்போதே எங்கே தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சிவசண்முகம்


சேரன்மகாதேவி
16.2.2025

அத்தான் அவர்களுக்கு,

பொறி நீலம். நான்கிலும் நீலம்.

அன்று காலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஐந்தே முக்கால் மணி. அவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வேறு ஒருவரை ஏற்றப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். அவரைப் பைய நடத்திக் கூட்டிவந்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்தேன். சோக்கைப் பாதி இழுத்தேன். பாதி போதும் என்று அவர்தான் சொன்னார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் எடுக்கவில்லை. பத்து எண்ணிவிட்டு நிறுத்தினேன். மறுபடி. அப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இசக்கியும் எதிர்வீட்டு தேவசிகாமணி சாரும் தெருமுனைவரை தள்ளினார்கள். அப்போதும் எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து அவர், "அண்ணாச்சி இருந்தா எடுத்துருக்கும், விஜி" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. சும்மா சொன்னார். பிறகு ஆட்டோ கிடைத்தது. பத்தமடை தாண்டும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

இதில் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் பார்த்தேன். நாற்பது வருஷம் வைத்திருந்த வண்டியில் எந்த இடத்தையும் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் இதுவரை சொன்னதில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து நிற்கும் சின்னக் கிண்ணத்தை நாசர் திறந்தார். அது நிறைந்திருந்து காய்ந்திருந்தால் மூன்று வருஷத்தில் பாகு மாதிரி கெட்டியாக ஒட்டியிருக்குமாம். அடியில் மெல்லிய மஞ்சள் வளையம் மட்டும் இருந்தது. டாங்க் நிறையப் பெட்ரோல், ஆனால் கிண்ணத்துக்கு வரவில்லை. அன்று நான் ஆறு தடவை சுற்றியது காலிக் கிண்ணத்தை.

இன்னொன்று. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எல்லா இடத்திலும் அரை விரல் கனத்துக்குக் கரி. எஞ்சின் பக்கவாட்டில், கீழே, கை நுழையக் கஷ்டமான இடத்தில் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. அதன் அடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு லீவர். அது மட்டும் கரி இல்லாமல், கை பட்டுப் பட்டு மழமழ என்று தேய்ந்து மினுங்கியது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"கையால பெட்ரோல் ஏத்துத லீவர்லா டீச்சர்? பத்து நாள் நின்ன வண்டில கிண்ணம் வத்திப்போகும். பதினஞ்சு தடவ இத அடிச்சா நெறஞ்சிரும். அப்புறம் ஒரே திருப்பு. பெரியவரு சொல்லலியா?"

பெரியவர் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் நான் வாசலில் கோலம் போடும்போதெல்லாம் ஷெட்டில் பானெட் திறக்கும் சத்தம் கேட்டிருக்கிறேன். யாராவது பக்கத்தில் வந்தால், "ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்று அனுப்பிவிடுவீர்கள். ஆயில் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் தம்பியும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த லீவரைத் தேய்த்தது யார் கை?

விஜயஸ்ரீ


சேரன்மகாதேவி
4.3.2025

அத்தான் அவர்களுக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. கடிதம் உங்கள் கையில் கிடைத்தது என்று இசக்கி சொன்னான்.

பம்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே வால்வு மூடவில்லை. ஏறிய பெட்ரோல் திரும்ப டாங்குக்கே இறங்கிவிடும் என்கிறார் நாசர். நேற்று இன்று வந்த தேய்மானம் அல்ல, பல வருஷத்துத் தேய்மானமாம்.

வரும் 22-ம் தேதி, சனிக்கிழமை, திவசம். அன்று பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் வருவார்கள்.

விஜயஸ்ரீ


ஆழ்வார்குறிச்சி
10.3.2025

விஜயஸ்ரீக்கு,

இந்தக் கடிதத்தோடு இசக்கியிடம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார். புதுப் பம்ப்.

அது இப்போது வாங்கியதல்ல. 2011-ல் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கியது. அந்த வருஷமே பழைய பம்பின் வால்வு போய்விட்டது. மாட்ட ஒரு மணி நேரம் போதும். நான் மாட்டவில்லை.

ஏன் என்று நீ கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள். பத்திரிகை வந்தால் நீங்கள் பேசிக்கொள்வீர்கள். வரிக் காகிதம் வந்தால் தம்பி பார்ப்பான். சித்ரலேகாவுக்குப் பாடம் நீ சொல்லுவாய். அந்த வீட்டில் என்னைக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீங்கள் சாவியைத் திருப்பினால் எடுக்காது. "அண்ணாச்சியக் கூப்பிடு" என்பான். நான் போய்ப் பானெட்டைத் தூக்கி, உடம்பால் மறைத்துக்கொண்டு, பதினைந்து தடவை அந்த லீவரை அடித்துவிட்டு உட்கார்வேன். ஒரே திருப்பில் எடுக்கும். "இது ஒங்க கைக்குத்தான் மசியும்" என்று தம்பி சிரிப்பான். வால்வு நன்றாக இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டிய நாட்கள் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் மாட்டவில்லை.

மதுரைக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் தம்பி கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க இல்லாத நேரம் அவசரம்னா வண்டிய எப்படி எடுக்க? ஏதோ செய்யுதீயளே, அதச் சொல்லிட்டுப் போங்க."

"போலே. பன்னெண்டு நாள்ல வந்துருவேன். நான் இருக்கேன்லா" என்றேன்.

அவனிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அது. நடத்துநர் விசில் அடித்துவிட்டார். ஒரு நிமிஷம் போதும் அதைச் சொல்ல. ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

பதினாறாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், இந்தப் பம்ப் இருந்தது. காரியத்துக்கு முதல் நாள் இசக்கியிடம் விசாரித்தேன். "நல்லாச் சுத்துச்சு அண்ணாச்சி, எடுக்கத்தான் இல்ல" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் கூடத்தில் நின்று உன்னைச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா என்று நான்தான் எழுதினேன். பேட்டரி போயிற்று, பிளக் போயிற்று, நெருப்பு போயிற்று, நீ போனாய். மிஞ்சியது நான்.

இந்தக் கடிதத்தைத் திவசத்தன்று தேவசிகாமணியை விட்டு எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல். ஒரு வரியும் விட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் போடவேண்டிய கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன். விற்பது உன் விருப்பம்.

சிவசண்முகம்


சேரன்மகாதேவி
15.3.2025

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் அந்தப் பம்பைத் தூக்கிக் கன்னடியன் கால்வாயில் எறிந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். வாசற்படிவரை போனேன்.

எறியவில்லை. வியாழக்கிழமை நாசர் அதை மாட்டினார். டாங்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, குழாயையும் கிண்ணத்தையும் சுத்தம் செய்து, டயருக்குக் காற்றடித்து முடிக்கச் சாயங்காலம் நாலு மணி. "லீவர நான் அடிக்கேன் டீச்சர்" என்றார். வேண்டாம் என்று நானே கையை விட்டேன். முதலில் தளர்வாக இருந்தது. ஒன்பது, பத்து வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பதினாலாவது அடியில் லீவர் இறுகியது. சோக்கைப் பாதி இழுத்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் எடுத்தது.

ஷெட் முழுக்கப் புகை. இசக்கி கைதட்டினான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்க முடியவில்லை. வெளியே நாசர் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தம்பி பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நேரத்துக்குப் போயிருந்தாலும் முடிந்திருக்காது என்று ஒரு டாக்டர் அப்போதே சொன்னார். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார். அதைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கடிதத்தை யாரும் வாசிக்கப் போவதில்லை. தேவசிகாமணி சார் குரலில் அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. என்னைச் சொன்னது உங்கள் வாய். எழுதியது போதாது. அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், நின்று சொல்ல வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறதா என்று இன்னும் தேடிப் பார்க்கவில்லை.

வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர் நீங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்கு வருகிறேன். லைசென்ஸ் போன வருஷம்தான் புதுப்பித்தேன். உங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி ஒரு தடவை ஹார்ன் அடிப்பேன். ஏறுவதும் ஏறாததும் உங்கள் பாடு.

விஜயஸ்ரீ


ஆழ்வார்குறிச்சி
18.3.2025

விஜயஸ்ரீக்கு,

கார் வேண்டாம். நீயும் வர வேண்டாம். திவசத்தன்று காலையில் உனக்கு அடுப்படி வேலை இருக்கும்.

முதல் பஸ்ஸில் வருகிறேன். அன்றைக்கு மகேஸ்வரனைக் கொண்டுபோகாத வண்டியில், உள்ளதைச் சொல்லி முடிப்பதற்கு முன்னால் நான் ஏறி வரக் கூடாது.

முதல் பந்தி எழுந்து கை கழுவும்போது கூடத்தில் நிற்பேன். நீ அடுப்படி நிலைக்கு உள்ளே நிற்காதே. எப்போதும் அப்படித்தான் நிற்பாய். வெளியே வந்து எனக்கு எதிரே நில். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து உன் முகத்தைப் பார்த்து நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். இதையும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு போகச் சொன்னால் போய்விடுவேன். ஏறச் சொன்னால், திரும்பும்போது காரில் வருகிறேன். பின்சீட்டில் உட்காரமாட்டேன். முன்னால் உட்கார்கிறேன்.

வண்டி வியாழக்கிழமையிலிருந்து நிற்கிறது. சனிக்கிழமைக்கு ஒன்பது நாள். கிண்ணம் கொஞ்சம் வற்றியிருக்கும். லீவரை நீயே அடி. நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

சிவசண்முகம்